சொல் தொடங்கும் இடம்

விவாகரத்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் ஊர் அலுவலகத்தில் மூன்று முறை சமரசத்துக்கு உட்கார வேண்டும். சன்சமோனும் பூன்தவியும் இரண்டாம் முறை உட்கார்ந்த அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஊர்த் தலைவர் கம்புய் ஒவ்வொரு கேள்வியையும் கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

"குடிக்கிறானா?"

"இல்ல பெரியப்பா," என்றாள் மோன். சன்சமோனை எல்லோரும் மோன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"கை நீட்டினானா?"

"இல்ல."

"வேற பொண்ணு?"

மோன் கணவன் தவியின் பக்கம் திரும்பினாள், அவனிடமே கேட்டுச் சொல்லிவிடலாம் என்பதுபோல. அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"அதுவும் இல்லயாம் பெரியப்பா."

சமரசக் குழுவில் இருந்த மாதர் சங்கத்து அம்மா தொடையில் அடித்துக்கொண்டாள். "அப்ப எதுக்கும்மா எங்க உயிர வாங்கறீங்க? போன வாரம் ஒருத்தி வந்தா, புருஷன் மண்டையில அம்மிக் குழவியப் போட்டுட்டு. அவங்களச் சேர்த்து அனுப்பிட்டோம். உங்களச் சேர்க்கணும்னா பிடிச்சு இழுக்க எங்களுக்கு ஒரு நுனியாவது வேணாமா?"

குழுவில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். தவியும் சிரித்தான். தானும் சிரித்திருக்கிறோம் என்பது, சிரிப்பு அடங்கி முகம் இறங்கியபோதுதான் மோனுக்குத் தெரிந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொட்ட மாதிரி இருக்குமே, கொஞ்ச காலமாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. வலி என்று ஒன்றும் இல்லை. வேலை ஓடியது, சோறு இறங்கியது, தூக்கம் வந்தது.

தாளில் 'காரணம்' என்று போட்டு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். எழுதுகிறவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்துவிட்டு மறுபடி மூடினார்.

"மூணு வாரம் கழிச்சு வாங்க," என்றார் கம்புய். "வரும்போது ஏதாவது ஒண்ணை யோசிச்சுட்டு வாங்க."

வெளியே வந்து இருவரும் மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு அவரவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார்கள். இருவரும் போகவேண்டிய இடம் ஒன்றுதான். தோங்டோக் சாலையில், தையல் கடைக்கு மேலே, அவர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகம். பெரிய சிக்னலில் மோன் தவிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மத்தியானம் புதுப் பதிப்பு பத்திப் பேசணும்," என்றான் தவி, கண்ணாடியில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்தபடி.

"பேசலாம்," என்றாள்.

பச்சை விழுந்தது.

இருவரும் பதினோரு வருடங்களாகச் சேர்ந்து செய்துவந்தது ஓர் எழுத்துத் திருத்தி. கணினியில் லாவோ மொழியில் தட்டச்சு செய்யவும் திருத்தவும் உதவும் மென்பொருள் அது. ஸோடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பென்சில் என்று பொருள். பென்சில் மாதிரியே யாரும் அதைப் பெரிதாக மதிப்பதில்லை, ஆனால் எங்கே பார்த்தாலும் கிடக்கும். பள்ளிக்கூடங்களில், மடங்களில், மலை மாவட்டத்து அலுவலகங்களில். கெட்சனா என்ற பெண் மூன்று வருடம் முன்னால் வந்து சேர்ந்தாள். அலுவலகம் என்பது இந்த மூன்று பேர்தான்.

அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது அன்று பகல் பதினொன்றரைக்கு. அத்தப்பு மாகாணத்தில், வண்டி ஏறுவதற்கே யோசிக்கும் ஒரு மலை மாவட்டத்திலிருந்து மனிவான் என்ற பெண் பேசினாள். அங்கே மாவட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம். பேச ஆரம்பித்த உடனேயே அழுதுவிட்டாள்.

"அக்கா, உங்க ஸோடம் என் வரியெல்லாம் தின்னுடுச்சுக்கா. தடுப்பூசி போடற பிள்ளைங்க லிஸ்டு. ஒரு பேரு தப்பா அடிச்சுட்டேன்னு அழிக்கிற கீயை அழுத்தினா, பேரோட சேர்த்து அதுக்கு முன்னால இருக்கற எல்லாம் போயிடுது. நான் கவனிக்கல. லிஸ்டை எடுத்துட்டு ஊருக்குப் போனா பதினேழு பிள்ளைங்க பேரே அதுல இல்ல. அரை நாள் நடந்து வந்த அம்மாமாருங்கக்கா. ஊசி போட வந்தவங்க அவங்களைத் திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்க."

மோன் அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள். எந்த ஊர், எந்தப் பெயர், எந்தப் பொத்தான். "நாங்க பாக்கறோம் தங்கச்சி," என்றாள். தன் குரல் அமைதியாக, நன்றாகவே இருந்ததைக் கேட்டாள். வைத்த பிறகு, அந்தப் பெண்ணிடம் இன்னும் ஏதோ சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. என்ன என்று தெரியவில்லை.

கோளாறு எது என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

லாவோ எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விடுவதில்லை. வாக்கியம் முழுக்க ஒரே சரமாக ஓடும். படிக்கிறவர் கண் தானாக வெட்டிக்கொள்ளும். கணினிக்கு அந்தக் கண் கிடையாது. ஆகவே ஸோடமுக்குள் ஃபங்ஷன் என்று ஒரு சின்ன நிரல் துண்டு வைத்திருந்தார்கள். வரியில் நாம் நிற்கும் இடத்தை அதனிடம் சொன்னால், அங்கே இருக்கும் சொல் எங்கே தொடங்குகிறது என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். வரியின் முதல் எழுத்து பூஜ்யம், அடுத்தது ஒன்று, அதற்கடுத்தது இரண்டு, இப்படி. அகராதியைப் புரட்டித்தான் அது பதில் சொல்லும். மலைவாசிகள் வைக்கும் பெயர்கள் அகராதியில் ஏது? தெரியாத சொல் வந்தால் அந்த ஃபங்ஷன் பூஜ்யத்தைத் திருப்பித் தந்தது. பூஜ்யம் என்றால் வரியின் தொடக்கம். சொல்லின் தொடக்கம்வரை அழிக்க வேண்டிய பொத்தான் அதை நம்பி, வரியின் தொடக்கம்வரை துடைத்துவிட்டது.

மத்தியானம் மூன்று பேரும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கெட்சனா மாங்காய்த் துண்டுகளை மிளகாய் உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு பதில் குடுக்கணும்," என்றாள் மோன். "சொல்லு கிடைச்சுதா இல்லயான்னு ஒண்ணு. கிடைச்சா எங்கன்னு இன்னொண்ணு. கிடைக்கலன்னா எண்ணே கிடையாது. பூஜ்யம்னா ஒரு இடம், தவி. தெரியலங்கறது இடம் இல்ல."

"பேச்சுக்கு அது சரிதான்," என்றான் தவி. "ஆனா இந்த ஃபங்ஷனைக் கூப்பிடறது நாம மட்டுமா? வெளியில எத்தன பேரு இதை நம்பி எழுதியிருக்காங்க? லுவாங் பிரபாங் வாத்தியாரு எழுத்துப்பிழை பாக்கறதுக்கு ஒண்ணு எழுதினாரு. பாக்ஸே மடத்துல ஒண்ணு இருக்கு. அவங்கல்லாம் பூஜ்யம் வந்தா தெரியலன்னு எடுத்துக்கப் பழகிட்டாங்க. நீ திடீர்னு ரெண்டு பதில் குடுத்தா அத்தனையும் படுத்துடும்."

"தப்பைப் பழகிட்டாங்கன்னு தப்பையே குடுத்துட்டு இருக்கறதா?"

"தப்புன்னு நீ சொல்ற. அவங்களுக்கு அதான் வழக்கம்."

கெட்சனா மாங்காய்க் கொட்டையைச் சப்பிவிட்டு நடுவில் புகுந்தாள். "ரெண்டும் வேணாம். தெரியலன்னா எரர் போட்டுக் கத்தணும். ப்ரோக்ராம் அப்பிடியே நிக்கணும். அப்பதான் எல்லாருக்கும் காது கேக்கும்."

"ஒரு பேரு தெரியலங்கறதுக்கெல்லாம் கத்துவாங்களா?" என்றான் தவி.

"பதினேழு பிள்ளைங்க பேரு போச்சேண்ணே. இதுக்குக் கத்தாம வேற எதுக்குக் கத்தறது?"

 மோன் பலகையில் மூன்று கோடு இழுத்து மூன்று பேர் சொன்னதையும் எழுதினாள். எழுதி முடித்துப் பார்த்தபோது எல்லாமே சரி என்று பட்டது, எதுவும் முக்கியமில்லை என்றும் பட்டது.

விவாதம் அன்றோடு முடியவில்லை. அந்த வாரம் முழுக்க நடந்தது. தவி வெளியாட்களுக்கு எழுதிக் கேட்டான். நாற்பது பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். லுவாங் பிரபாங் வாத்தியார் மூன்று பக்கம் எழுதியிருந்தார். முதல் பக்கம் முழுக்க நலம் விசாரிப்பு. கடைசியில் ஒரே வரி: 'பூஜ்யத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.' இன்னொருவன் மைனஸ் ஒன்றைத் திருப்பித் தரலாம் என்றான். அப்படிச் செய்தால் பழைய நிரல்கள் முந்தைய வரியின் கடைசி எழுத்தைப் போய்த் தின்னும் என்று வேறொருவன் காட்டினான். எல்லோரும் சூடாக எழுதினார்கள். முகம் தெரியாத ஒருத்தன் மோனுக்கு மூளை இல்லை என்று எழுதினான். அவள் அதை இரண்டு தரம் படித்தாள். கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. நன்றி சொல்லிப் பதில் எழுதினாள்.

வீட்டில் இந்தப் பேச்சே இல்லை. வீட்டில் எந்தப் பேச்சும் இல்லை. காலையில் மோன் ஒட்டரிசியை ஆவியில் வைத்துக் கூடையில் போடுவாள். தவி கையை விட்டு உருட்டிக்கொண்டு, "நேத்து எழுதினதைப் பாத்தியா?" என்பான். "பாத்தேன்," என்பாள். அவ்வளவுதான். துணிகளைத் தனித்தனிப் பெட்டியில் போட்டாகிவிட்டது. பிரிக்க வேறொன்றும் இல்லை. குழந்தைகள் இல்லை. பிரிந்துவிடலாமா என்று தவி கேட்டதும் இப்படி ஒரு சாப்பாட்டு வேளையில்தான். மோன், "சரி," என்றாள். பிறகு, இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்டாள். அவன் வேண்டும் என்று வாங்கிக்கொண்டான்.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை கெட்சனா நிரலின் பழைய பதிவுகளைக் கிண்டிக்கொண்டிருந்தாள். யார் எந்த வரியை எப்போது எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

"யாரு இந்தப் பூஜ்யத்தை வெச்சதுன்னு பாத்தேன்," என்றாள். "அண்ணன்தான்னு நெனச்சேன். அண்ணனாச்சே, விட்டுக் குடுக்காமப் பேசறாரேன்னு. பாத்தா உங்க பேரு இருக்குக்கா."

மோன் எழுந்து வந்து பார்த்தாள். முதல் வருடம், ஆகஸ்ட் மாதம். சன்சமோன் என்று அவள் பெயர். பக்கத்தில் குறிப்பு: 'இப்போதைக்குப் பூஜ்யம். பிறகு பார்க்கலாம்.'

"நான் எழுதினதா இது?"

தவியும் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "நீ முற்றுப்புள்ளி வைக்க மாட்டியே," என்றான். "நான்தான் வைப்பேன்."

"பேரு எம்பேரு இருக்கே."

"அப்ப ஒரே லேப்டாப்தான. உன் பேருல திறந்து வெச்சிருப்போம். மாத்தி மாத்தித் தட்டுவோம்."

மோன் யோசித்துப் பார்த்தாள். அந்த வருடம் அவர்கள் குடியிருந்தது ஆற்றங்கரைப் பக்கம் ஓர் அறையில். மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும். ஒரே பாய், ஒரே லேப்டாப். ஒருவர் தட்டினால் மற்றவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு திருத்தம் சொல்வார். இதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த ஒரு நாள், அந்த ஒரு வரி, அதைத் தட்டியது யார் என்பது வரவே இல்லை. அவள் தேடிய அந்த அறை, யாரோ காட்டிய புகைப்படம் மாதிரி நின்றது.

"எனக்கும் ஞாபகம் இல்ல," என்றான் தவி.

"போகட்டும்," என்றாள். "யாரு எழுதினா என்ன."

"அதானே."

இருவரும் அவரவர் நாற்காலிக்குத் திரும்பினார்கள். தவி, "சரி, மைனஸ் ஒண்ணு வேணாம்னு முடிவு பண்ணிடலாமா?" என்று கேட்டான். மோன், "பண்ணிடலாம்," என்றாள்.

பட்டென்று ஒரு சத்தம். கெட்சனா தண்ணீர்ப் போத்தலை மேஜையில் அடித்திருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் மனுஷங்கதானா?" என்று கத்தினாள். "காலைல பிரியறதுக்கு எழுதிக் குடுக்கறீங்க. மத்தியானம் பூஜ்யமா மைனஸ் ஒண்ணான்னு உக்காந்து பேசறீங்க. ஒருத்தரை ஒருத்தர் திட்டக்கூட மாட்டீங்களா? பதினோரு வருஷம்! எங்கம்மா பக்கத்து வீட்டு நாய் செத்ததுக்கு மூணு நாள் சாப்பிடல. நடுவுல உக்காந்திருக்கேனே, எனக்கு எப்பிடி இருக்கும்னு யாராவது நெனச்சுப் பாத்தீங்களா?"

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். தையல் கடையில் மிஷின் சத்தம் நின்றுவிட்டது.

மோன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். தவி கீழே போய் ஐஸ் போட்ட கரும்புச் சாறு வாங்கி வந்து நீட்டினான். பொருத்தமாக, ஒருவர் பார்த்து ஒருவர் செய்தார்கள். அந்த முதுகு கைக்குக் கீழே குலுங்குவதை மோன் உணர்ந்தாள். தான் இப்படிக் குலுங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டாள். அந்தப் பெண்ணைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமைகூடத் தூரத்தில்தான் இருந்தது.

"என்னை மன்னிச்சிருங்கக்கா," என்றாள் கெட்சனா மூக்கை உறிஞ்சியபடி.

"நீ சொன்னது தப்பே இல்லடி," என்றாள் மோன். "சாறைக் குடி. ஐஸ் கரையுது."

மறுநாள் தவி ஒரு யோசனை கொண்டுவந்தான். பழைய ஃபங்ஷன் அப்படியே இருக்கட்டும், அதன் பூஜ்யத்தோடு. யாரெல்லாம் அதை நம்பியிருக்கிறார்களோ அவர்கள் நம்பிக்கொண்டே இருக்கட்டும். பக்கத்திலேயே புதிதாக ஒன்று எழுதுவோம். அது மோன் சொன்னபடி இரண்டு பதில் தரும். அழிக்கும் பொத்தான் இனிமேல் புதியதைத்தான் கேட்கும். தெரியாத சொல் என்றால் எதையும் அழிக்காது. திரையின் அடியில் 'சொல் தெரியவில்லை' என்று காட்டும்.

"கத்தாதா?" என்றாள் கெட்சனா.

"ஒரு பீப் சத்தம் வேணா வெச்சுக்கலாம்," என்றான் தவி. "உனக்காக."

"சின்ன பீப்பா, பெரிய பீப்பா?"

"நடுவாந்தரம்."

மோன் ஒத்துக்கொண்டாள். பழைய ஃபங்ஷனுக்கு மேலே ஓர் எச்சரிக்கை எழுதவேண்டும் என்று மட்டும் சொன்னாள். 'இதைப் பயன்படுத்தாதீர்கள்' என்று போடலாம் என்றாள். அது வாத்தியார் மனதைப் புண்படுத்தும் என்றான் தவி. 'புதிதாக எழுதுகிறவர்கள் இதைப் பயன்படுத்த வேண்டாம்' என்று முடிந்தது. அந்த ஒரு வரிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. புது ஃபங்ஷனை மோன் எழுதினாள். அறுபது வரிகூட இல்லை. சோதித்துப் பார்க்க விட்டுப்போன பெயர்களைச் சேர்த்து மனிவான் அனுப்பிய பட்டியலையே எடுத்துக்கொண்டாள். அகராதியில் இல்லாத பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பொத்தானை அழுத்தினாள். ஒரு பீப். பெயர் அப்படியே நின்றது. அடுத்தது. ஒரு பீப். நின்றது. பதினேழையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மூன்றாம் முறை ஊர் அலுவலகத்தில் உட்கார்ந்தபோது மழை இல்லை. கம்புய் பெரியப்பா வழக்கமான கேள்விகளைக்கூடக் கேட்கவில்லை.

"யோசிச்சு வரச் சொன்னேனே. காரணம் என்ன?"

தவி தொண்டையைச் செருமினான்.  ஆனால் சொன்னது மோன்தான்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால மழை காலத்துல இவருக்கு இருமல் வந்துது பெரியப்பா. என் தூக்கம் கெடுதேன்னு பாயை எடுத்துட்டு அடுத்த அறைக்குப் போனாரு."

"சரி."

"அப்புறம் இருமல் நின்னுடுச்சு."

குழு காத்திருந்தது.  

"பாய்?" என்று கேட்டாள் மாதர் சங்கத்து அம்மா.

"அங்கேயே இருக்கு."

"நீ கூப்பிடலயா?"

"கூப்பிடணும்னு தோணல. அவரே வருவாருன்னு இருந்தேன்."

"நீ போகலயாடா?" என்று தவியிடம் திரும்பினாள் அந்த அம்மா.

"கூப்பிடுவான்னு இருந்தேன்," என்றான் தவி. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கொஞ்ச நாள் இருந்தேன். அப்புறம் அதுவும் மறந்து போச்சு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெளியே யாரோ கோழியை விரட்டினார்கள். எழுதுகிறவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதை எப்பிடிய்யா எழுதறது? இருமல்னா?" என்று தலைவரைப் பார்த்தார்.

கம்புய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.  "இருவர் சம்மதத்தின் பேரில்னு போடு," என்றார் கடைசியில்.

கையெழுத்துப் போட்டார்கள். கட்டைவிரல் மையும் வைத்தார்கள். மை துடைக்க ஒரே துணிதான் இருந்தது. தவி துடைத்துவிட்டு அவளிடம் கொடுத்தான். படியிறங்கும்போது, அண்ணன் வீட்டுக்கு, சவன்னகேத்துக்குப் போவதாகச் சொன்னான். அங்கிருந்தே வேலையைப் பார்ப்பானாம்.

"இன்டர்நெட் நல்லா இருக்குமா அங்க?" என்று கேட்டாள் மோன்.

"இருக்கும்னு அண்ணன் சொன்னான்."

"சரி."

அவன் இன்னும் கொஞ்சம் நின்றான். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான். அவள் கட்டைவிரலில் இன்னும் நீலம் இருந்தது. அலுவலகத்துக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்தது மட்டும் போகவில்லை.

புதிய பதிப்பு அடுத்த மாதம் வெளியே போனது. வாத்தியார் வாழ்த்து எழுதினார். மூளை இல்லை என்று எழுதியவன் ஒன்றும் எழுதவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் அத்தப்புவிலிருந்து மனிவான் கூப்பிட்டாள். இந்த முறை அவள் குரலே வேறாக இருந்தது.

"அக்கா, நல்லாயிருக்கீங்களா? ஒரு சின்னச் சிக்கல்க்கா. சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்த அழிக்கிற கீயை நீங்க சரி பண்ணிட்டீங்கள்ல. இங்க எங்க ஆபீஸே ஒரே கலாட்டா. அது வரியைத் தின்னும்னு எனக்கு மட்டும்தான்க்கா தெரியாம இருந்துது. மத்தவங்கெல்லாம் ஏழெட்டு வருஷமா அதை வரியை அழிக்கிற கீன்னே வெச்சிருக்காங்க. மலை ஊர்ப் பேருன்னா ஒரே அழுத்து, முழு வரியும் காலி. 'வரி தின்னி'ன்னு அதுக்குப் பேரே இருக்கு. என்கிட்ட யாருமே சொல்லல. இப்ப எங்க பெரியவரு வந்து, 'உன்னாலதான் வரி தின்னி செத்துப் போச்சு, நீதான் அழுது அழுது அதைக் கொன்னுட்ட'ன்னு திட்டறாரு. அழுத்தினா பீப் பீப்னு கத்துதாம். அவருக்கு நெஞ்சு படபடங்குதாம்."

மோன் சிரித்தாள். சிரிப்பு முடிந்துவிடும் என்று நினைத்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மறுமுனையில் மனிவானும் சிரித்தாள், "அக்கா, சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல!" என்று கூவினாள். கெட்சனா எழுந்து வந்து பயந்துபோய் நின்றாள். மோன் கையை ஆட்டி ஒன்றுமில்லை என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே, "பெரியவருக்குச் சொல்லு, வரி தின்னிக்குத் தனியா ஒரு கீ வெச்சுத் தர்றேன்னு," என்றாள்.

"நிஜமாவாக்கா?"

"பீப் இல்லாம."

வைத்த பிறகு அறை மறுபடி பழைய மாதிரி ஆயிற்று. மோன் உட்கார்ந்து அந்தப் பொத்தானை எழுதினாள். அரை மணி நேர வேலை. வரியின் தொடக்கம்வரை துடைக்கும்; எதையும் தேடாது, யாரையும் கேட்காது. சரிபார்க்கச் சொல்லித் தவிக்கு அனுப்பினாள். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. ஓர் இடத்தில் எழுத்துப்பிழை, அதைக் காட்டியிருந்தான். அடியில், 'மற்றதெல்லாம் சரி. இங்கே நேற்றிலிருந்து மழை.' என்று எழுதியிருந்தான்.

அவள் பிழையைத் திருத்தினாள். மழைக்கு என்ன பதில் எழுதுவது என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இங்கே இல்லை' என்று எழுதி அனுப்பினாள்.

"அக்கா, பெரிய சாலை முக்குல காவ் பியாக் கடை திறந்திருக்காங்க," என்றாள் கெட்சனா, பையைத் தோளில் மாட்டியபடி. "நூடுல்ஸ் கெட்டியா, சூடா இருக்காம். வர்றீங்களா?"

"பசிக்கற மாதிரியே இல்லயே."

"வந்து உக்காருங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

கடையில் கூட்டம். இருவரும் சுவரோரமாக இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கெட்சனா தன் வீட்டு நாய், அம்மா, அம்மாவின் சீட்டாட்டத் தோழிகள் என்று பேசிக்கொண்டே இருந்தாள். மோன் ஒரு கிண்ணத்தை முழுக்கச் சாப்பிட்டாள். அப்புறம், கடைக்காரியைக் கூப்பிட்டு, இன்னொரு அரைக் கிண்ணம் கொண்டுவரச் சொன்னாள்.